டீச்சரின் வலது தோள்

டீச்சர் எங்கள் மசாஜ் கடைக்கு வந்த அன்று அவரைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். உள்ளறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே முதலாளியம்மாவிடம், தான் ஓய்வு பெற்ற டீச்சர், தோள் தூக்க முடியவில்லை, கடையில் தமிழ்ப் பெண் யாராவது இருக்கிறாளா என்று ஒருவர் மலாயில் கேட்டார். முப்பது வருடம் வகுப்பறையில் அதட்டிப் பழகிய குரல். மடித்த துண்டை மறுபடி பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயதில் மூத்தவர். மனதுக்குள் ஒன்பது வருடமாக நான் அழைத்துவந்த விதம் அச்சில் ஏறாது.

ஒன்பது வருடங்களுக்கு முன் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய் உடம்பு பிடித்துவிடுவதுதான் என் தொழில். பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் என் வயதுள்ள ஒரு மலாய்த் தோழி இருந்தாள். இருவரும் சேர்ந்துதான் அந்த வேலையில் இறங்கினோம். மலாய் வீடுகளுக்கு அவள் போவாள், தமிழ் வீடுகளுக்கு நான் போவேன். அவளிடமிருந்து கல்லைச் சூடுபண்ணித் துணியில் சுற்றி இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பதையும், நீளத் துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டுவதையும் எடுத்துக்கொண்டேன். பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் என் பக்கத்துச் சீதனம். அவள் வீட்டுக்காரருக்கு அந்த வாசம் பிடிக்காது என்பாள்.

முதலில் வலது கால், பிறகு இடது கால். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவ வேண்டும், கால் வீக்கம் அப்போதுதான் வடியும். அப்புறம் இடுப்பு, முதுகு. குனிந்து பால் கொடுத்துக் கொடுத்துக் கழுத்தும் தோளும் கல்லாகிக் கிடக்கும், அதைப் பிசைந்து இளக்க வேண்டும். வயிற்றைக் கடைசியில், அதுவும் மெதுவாக. அறுவை செய்த வயிறு என்றால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை என் விரல் அந்தப் பக்கமே போகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்று சண்டை போடுவார்கள். பெற்றவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். சில பெண்கள் நான் பாதத்தைப் பிடித்ததுமே அழுதுவிடுவார்கள். அழவிடுவேன். அழுத பிறகு நன்றாகத் தூங்குவார்கள்.

டீச்சரின் வீடு கெலுகோரில். அவர் மகளுக்கு முதல் பிரசவம், சுகப்பிரசவம். இரண்டு நாள் போனேன். மூன்றாவது நாள் மகளின் வலது காலை முடித்து, இடது காலுக்காக எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றியபோது டீச்சர் தேநீரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்கு எத்தன பிள்ளைங்க?"

"இல்ல டீச்சர்."

"இல்லன்னா? ஊருல இருக்காங்களா?"

"பொறக்கவே இல்ல டீச்சர்."

கோப்பை தட்டில் போய் உட்கார்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "கைய எடு," என்றார். புரியாமல் பார்த்தேன். "பிள்ள இல்லாதவ பச்ச உடம்புக்காரியத் தொடலாமா? இத மொதல்லயே சொல்ல வேணாம்? மறைச்சிட்டு வந்திருக்க பாரு." நான் எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மகள் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண்ணெய்க் கையோடு பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது டீச்சரின் கண் என் பாதத்துக்குப் போனது. என் இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டிப் பிறந்தவை. "கால்லயே தெரியுது குறை," என்றார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினேன்.

அன்று மாலையே கோயில் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் குரல் பதிவு போயிற்று. கைராசி இல்லாதவள், வீட்டுக்குள் விடாதீர்கள் என்று. எனக்கு அதை அனுப்பிக் கேட்க வைத்ததும் அந்தக் குழுவில் இருந்த ஒரு புண்ணியவதிதான். அடுத்த மாதத்துக்குச் சொல்லி வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. ஒருவர் மட்டும் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார், மற்றவர்கள் மாமியார் வருகிறார் என்றார்கள். இத்தனை மாமியார்கள் ஒரே மாதத்தில் பினாங்கில் வந்திறங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கைராசி என்றால் என்ன என்று என் மலாய்த் தோழி கேட்டாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் விஷயம் பிடிபட்டதும், தன் ஆறு பிள்ளைகளில் இரண்டை எனக்கு எழுதித் தருவதாகச் சொன்னாள். அதுவும் சேட்டைக்கார இரண்டு. அன்று நான் சிரித்தது அவளால்தான். ஆனால் படுத்தால் தூக்கம் வராது. பிள்ளையில்லை என்ற சொல் எனக்குப் புதிதில்லை, அதைக் கேட்டு ஆறிப்போன காது இது. உறுத்தியது அந்த இடது கால். தொடாமல் விட்டு வந்த கால். எந்த உடம்பையும் நான் பாதியில் விட்டதில்லை.

பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து எலும்பும் தசையும் பெயர் சொல்லிப் படித்தேன். சான்றிதழ் வாங்கி, ஜார்ஜ்டவுனில் ஹோட்டல்கள் இருக்கும் தெருவில் இந்தக் கடையில் வேலைக்கு வந்தேன். கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்கள், நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் கூன்போட்டு உட்கார்ந்த பிள்ளைகள், லாரி ஓட்டுகிறவர்கள். இங்கே யாரும் பிள்ளைகுட்டி கேட்பதில்லை. வலிக்கிறதா, இன்னும் அழுத்தவா, அவ்வளவுதான் பேச்சு. முகக்கவசம், கறுப்புச் சட்டை, காலில் சாக்ஸ், கத்தரித்த முடி. டீச்சருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

குளியலறையில் விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை, நரம்பும் தசையும் அறுபடவில்லை, இறுகிப்போயிருக்கிறது, பயிற்சியும் மசாஜும் செய்தால் விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகவில்லை. "தைப்பூசத்துக்குள்ள தூக்கணும்மா. பால்குடம் நேந்திருக்கேன். ரெண்டு கையும் தலைக்கு மேல போகணும்," என்றார். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

மசாஜ் கட்டிலில் தலைப்பக்கம் ஒரு துளை உண்டு. குப்புறப் படுத்து அதில் முகத்தைப் புதைத்தால் தரையும், வேலை செய்கிறவளின் கால்களும் மட்டும்தான் தெரியும். டீச்சர் அதில் முகத்தை வைத்தார். தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலை வைத்தேன். எங்கே நோகும் என்று தெரிந்த விரல் அது. தேவைக்கு மேல் அழுத்தினேன். டீச்சர் அலறினார். "கொஞ்சம் வலிக்கும் டீச்சர்," என்றேன். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் என் சான்றிதழைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது வாரம் அந்தச் சுகம் போய்விட்டது. தோள் முன்னைவிட இறுகியிருந்தது. வலிக்கும் என்று பயந்த தசை கை படும் முன்பே தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். என் கோபத்தை எல்லாம் அந்தத் தோள் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தது. இப்படியே போனால் தைப்பூசத்தில் டீச்சர் கை தூக்க மாட்டார், இவளுக்கும் கைராசி இல்லை என்று அடுத்தவளையும் சொல்வார், அந்த அடுத்தவளும் நான்தான். அதை நினைத்ததும் என்ன வேண்டும் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. இந்தக் கையை நான் தூக்க வைக்க வேண்டும். தூக்கிய பிறகு யார் கை தூக்கியது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். குழுவில் என்னைக் கொன்ற அதே வாய் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அதனால் இதமாகச் செய்ய வேண்டியதாயிற்று. அதைப் போல எரிச்சலான வேலை எனக்கு வாய்த்ததில்லை. சூடான துண்டைத் தோளில் போட்டு, மூச்சு சீராகும்வரை காத்திருப்பேன். உள்ளங்கையால் நீவி, தசை தானாக இளகிக்கொடுக்கும் இடத்தில் மட்டும் விரலை இறக்குவேன். அவர் மூச்சை விடும்போது அழுத்தம், இழுக்கும்போது தளர்வு. பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையைத் தடவுவதுபோல் தடவினேன். முடிந்ததும் சுவரோரம் நிற்க வைத்து, விரல்களால் சுவரில் ஏறச் சொல்வேன். சுவரில் மசாஜ் புள்ளிகள் குறித்த ஒரு பெரிய பாதப் படம் மாட்டியிருக்கும். முதலில் விரல் படத்தின் அடிச்சட்டத்தைத் தொட்டது. பிறகு குதிகால். டிசம்பரில் உள்ளங்கால் நடுவே வந்துவிட்டது. வலி குறைந்து தூக்கம் நன்றாக வருகிறது, பிரஷர்கூட இறங்கியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பிரஷர் இறங்கியது பால்குடத்துக்காகத் தொடங்கியிருந்த விரதத்தாலோ என்னவோ, நான் மறுக்கவில்லை.

உடம்பு இளகினால் வாயும் இளகும். ஒரு நாள் துளைக்குள்ளிருந்து கதை சொல்ல ஆரம்பித்தார். நேர்த்திக்கடன் மகளுக்காக. முதல் பிள்ளைக்குப் பிறகு ஒன்பது வருடம் எதுவும் நிற்கவில்லை, இரண்டு தடவை கலைந்துபோயிற்று, இப்போதுதான் ஆறு மாதம்.

"ஒருத்திதாம்மா காரணம். மொத பிரசவத்துக்கு உடம்பு புடிக்க ஒருத்தி வந்தா. பிள்ள இல்லாதவ. சொல்லாம வந்து தொட்டுட்டா. அதுக்கப்புறந்தான் எல்லாம்."

என் விரல்கள் நின்றுவிட்டன. கலைந்துபோன அந்த இரண்டையும் என் தலையில் கட்டி ஒன்பது வருடம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டு தடவை இழந்தவள். அந்த வலி எப்படி என்று எனக்குத் தெரியும். அதையும் நான் செய்தேன் என்கிறார். கை என் கட்டுப்பாட்டில் இல்லை என்று தோன்றியதும் துண்டை எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்க் குளிர்ந்த தண்ணீரில் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து மிச்சத்தை முடித்தேன்.

அடுத்த வாரம் அவராகவே வந்து வலையில் விழுந்தார்.

"உன் கை நல்ல கைம்மா. மகளுக்குப் பிள்ள பொறந்ததும் நம்ம வீட்டுக்கு வந்து புடிச்சிவிடுறியா? வெளியாளுங்கள நம்ப முடியல லா. ஆமா, உனக்கு எத்தன பிள்ளைங்க?"

அதே கேள்வி. அதே குரல். இந்த முறை முகம் துளைக்குள் இருந்தது.

செருப்பைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றினேன். தலைப்பக்கம் போய் இரண்டு பாதங்களையும் துளைக்கு நேர் கீழே வைத்து நின்றேன். குளிர்பதனத்தில் தரை சில்லென்றிருந்தது.

"கண்ணத் தொறந்து பாருங்க டீச்சர்."

முதுகு எழும்பி நின்றது. மூச்சை விடவே இல்லை. ஒரு சொட்டு என் பாதத்தில் விழுந்தது. கண்ணீரா எச்சிலா தெரியாது, குப்புறப் படுத்தவர்களுக்கு இரண்டும் வரும்.

"நீயா?"

"நான்தான். எந்திரிச்சுப் போகணும்னா போங்க. இல்லன்னா படுத்திருங்க, முடிச்சுத் தரேன். நான் பாதியில விடுறவ இல்ல. அன்னிக்கு நீங்கதான் விட வச்சீங்க."

எழுந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. விரல் படத்தின் மேல்சட்டத்தைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கி, தைப்பூசத்துக்கு மூன்று வாரம் பாக்கி. அவர் உடம்பே முடிவு பண்ணிவிட்டது. அப்போது என் நிபந்தனையைச் சொன்னேன். அதே குழுவில், அதே வாயால், அன்று சொன்னது தப்பு, அவள் கை நல்ல கை என்று சொல்ல வேண்டும்.

"சொல்றேன்மா," என்றார். அடுத்த வாரம் வந்தபோது, "சொல்லிட்டேன்," என்றார். நம்பினேன். கடைசி ஒரு சாணுக்கு என் மொத்த வித்தையையும் இறக்கினேன். கையைத் தாங்கிப் பிடித்து, மெல்ல ஆட்டி, தோள்மூட்டு தானாக வழிவிடும் வரை இருந்தேன். கடைசி நாள் அவர் விரல் படத்தையும் தாண்டிச் சுவரில் போயிற்று. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது டீச்சரின் மகள் கூப்பிட்டாள். என் போன் எண்ணைக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. தப்புதான். ஆனா இத நீங்க கேக்கணும்." குழுவில் அவள் அம்மா போட்ட பதிவை எனக்கு அனுப்பினாள்.

கேட்டேன். கை நல்ல கையாம். தன் தோளைத் தூக்கிவிட்ட கையாம். அதற்கப்புறம் டீச்சர் சொன்னார்: "முன்ன நான் தப்பா நெனச்சிட்டேன். அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. தாராளமா வீட்டுக்குக் கூப்பிடலாம்."

மூன்று தடவை கேட்டேன். தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. அதற்குப் பதில் எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டார். நான் இழந்த அதே இரண்டு. அவருக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் மூன்று என்று சொல்லியிருப்பார். என் வயிற்றெரிச்சல் அப்போது ஏறியதுபோல் அந்த ஒன்பது வருடத்தில் ஏறியதில்லை. அந்தக் கையை ஒரு சாண் குறைவாகவே விட்டிருக்கலாமே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"பொய்னு எனக்குத் தெரியும்கா," என்றாள் மகள், நான் திரும்பக் கூப்பிட்டபோது. "நீங்கதான் எனக்கு வரணும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"உங்கம்மா உண்மையச் சொல்லட்டும். அப்புறம் வரேன்."

தைப்பூசத்தன்று காலை மலைக்கோயிலுக்குப் போகும் சாலையோரம், ஒரு தண்ணீர்ப்பந்தலின் நிழலில் நின்றேன். வெறுங்காலோடுதான். கோயில் மகளிர் குழு மஞ்சள் சேலையில் வரிசையாக வந்தது. டீச்சர் தலையில் பால்குடம், இரண்டு கையும் மேலே, குடத்தைப் பிடித்தபடி. பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது தோள் நன்றாக வந்திருக்கிறது என்பதுதான். வயிற்றைத் தாங்கியபடி மகள் பக்கத்தில் நடந்தாள். நான் வரிசையோடு சேர்ந்து டீச்சரின் மறுபக்கம் நடந்தேன்.

"தோள் எப்படியிருக்கு டீச்சர்?"

திடுக்கிட்டார். கையை இறக்க முடியாது. தலையைத் திருப்பவும் முடியாது, பால் சிந்தும். "நல்லாயிருக்கும்மா," என்றார் நேரே பார்த்துக்கொண்டு.

"எனக்கு எத்தன பிள்ளைங்க டீச்சர்?"

முன்னால் போன மஞ்சள் சேலைகள் மெதுவாயின. நாற்பத்தெட்டு நாள் விரதம், தலையில் நேர்ந்துகொண்ட பால், மகள் வயிற்றில் பிள்ளை. எந்தத் துணிச்சல்காரியும் அந்தக் குடத்துக்குக் கீழே நின்று பொய் சொல்ல மாட்டாள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இல்ல," என்றார்.

"மேளச் சத்தத்துல கேக்கல டீச்சர்."

"உனக்குப் பிள்ள இல்ல. நான்தான் பொய் சொன்னேன்." வகுப்பறைக் குரல் கடைசியில் வந்துவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"அப்ப என் கை?"

அவர் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நல்ல கைதாம்மா. பிள்ள இல்லன்னாலும் நல்ல கைதான்."

சாமி காரியத்தில் இப்படியா ஒருத்தரை மடக்குவது என்று ஒரு மஞ்சள் சேலை என்னை அதட்டியது. உண்மையைத்தானே சொல்லச் சொன்னேன் என்றேன். பெரிய மனது பண்ணியிருக்கலாம் என்று இதைப் படிக்கிறவர்களும் நினைக்கலாம். பண்ணவில்லை. மனது நிறைந்து போயிற்று, பந்தலுக்குத் திரும்பி வந்து மோர் வாங்கி இரண்டு தம்ளர் குடித்தேன்.

மகளுக்கு ஏப்ரலில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. நான்காம் நாள் டீச்சரே கூப்பிட்டார். தயங்கித் தயங்கி, "எப்ப வர்றம்மா?" என்று கேட்டார். மறுநாள் காலை எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு கெலுகோர் போனேன். அதே அறை, அதே நாற்காலி. டீச்சர் அதில் உட்காரவில்லை, கதவோரம் நின்றார்.

மகள் பழக்கப்படி வலது காலை நீட்டினாள். அதை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் தேநீரைக் கொண்டுவந்து, குனிந்து, இரண்டு கையாலும் என் பக்கத்தில் வைத்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு காலும் முடியும்வரை அது அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது.